ஆதியாகமத்தின் படைப்புக் கதையை ஞானார்த்தமாக வாசிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் ஆதியாகமத்தை எடுத்தால் முதல் அதிகாரம் முடிவதற்குள்ளேயே கேள்விகள் கிளம்பிவிடும். பெரியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், வாலிபர்கள் நேராகவே கேட்பார்கள். சிலருக்கு இது வெறும் ஆர்வம். வேறு சிலருக்கு விசுவாசமே இதில்தான் தொங்குகிறது. கல்லூரியில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து "அப்போ பைபிள் பொய்யா?" என்று கேட்டு, அதட்டல் மட்டுமே பதிலாகக் கிடைத்து, மெல்ல மெல்ல ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களை ஞானார்த்தமாக, அதாவது அடையாள மொழியில் சொல்லப்பட்ட சத்தியமாகவே வாசிக்கிறேன். சபையின் அடிப்படை நம்பிக்கைகளைச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை ஒரு வார்த்தைகூட விடாமல் முழு மனதோடு அறிக்கையிடுகிறேன்.

ஞானார்த்தமாக வாசிப்பது என்றால், "இது நடக்கவே இல்லை, வெறும் கதை" என்று சொல்வதுதானே?

"வெறும்" என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைச் சாகடித்த தாவீது அரண்மனையில் நிம்மதியாக இருக்கிறான். தீர்க்கதரிசி நாத்தான் அவனிடம் போய், ஒரு ஏழையையும் அவன் ஆசையாக வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியையும் பற்றி ஒரு கதை சொல்கிறான். ஐசுவரியவான் ஒருவன் தன் மந்தையில் கைவைக்காமல், ஏழையின் குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிடுகிறான். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது, அந்த மனிதன் சாகவேண்டும் என்கிறான். அப்போதுதான் நாத்தான் சொல்கிறான்: "நீயே அந்த மனுஷன்."

அந்த ஏழை எந்த ஊர், ஆட்டுக்குட்டிக்கு என்ன வயது என்று யாரும் விசாரிப்பதில்லை. அப்படி ஒரு ஆடு இருந்திருக்கவே வேண்டாம். ஆனால் அந்த அரண்மனையில் அன்று பேசப்பட்டவற்றில் அதைவிட உண்மையான பேச்சு இல்லை. ஏதேன் தோட்டத்துக் கதையும் என்னிடம் இதைத்தான் செய்கிறது. என்றோ யாரோ பழம் தின்ற செய்தியாக மட்டும் அதைக் கேட்டால், ஆதாமைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஞானார்த்தமாகக் கேட்டால் தப்பிக்க வழியில்லை.

டார்வினுக்குப் பிறகு வேறு வழியில்லாமல் கண்டுபிடித்த சமாளிப்புதானே இது?

இல்லை. டார்வினின் நூல் வந்தது 1859இல். அதற்கு 1600 ஆண்டுகளுக்கும் முன்பே, மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். சூரியனும் சந்திரனும் நட்சத்திரமும் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்திருக்கும், அறிவுள்ள எவன் இதை அப்படியே எடுத்துக்கொள்வான் என்று கேட்கிறார். கடவுள் ஒரு குடியானவனைப் போல மரம் நட்டார் என்பதையும், மாலையில் தோட்டத்தில் உலாவினார் என்பதையும் மறைபொருளைச் சொல்லும் அடையாளங்கள் என்றே கொள்கிறார். ஓரிஜனின் வேறு சில போதனைகளைச் சபை பின்னாளில் நிராகரித்தது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் இந்த வாசிப்பு அவரோடு நின்றுவிடவில்லை. அவருக்கும் முன்பே, இயேசுவின் காலத்தில் அதே நகரில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, ஆறு நாள் என்பது காலக்கணக்கு அல்ல, ஒழுங்கைக் காட்டுவது என்று எழுதியிருந்தார்.

அகுஸ்தீனுடைய கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. இளவயதில் அவருக்கு வேதாகமம் கரடுமுரடாகத் தெரிந்தது. பழைய ஏற்பாட்டைக் கேலி செய்துவந்த மானிக்கேயர் என்ற மதக் குழுவினரோடு பல ஆண்டுகள் இருந்தார். மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் பழைய ஏற்பாட்டை ஞானார்த்தமாக விளக்கிப் பிரசங்கித்ததைக் கேட்டபோதுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவந்த காரணங்களில் இந்த வாசிப்பு முறையும் ஒன்று! பிற்பாடு வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயரானார். ஆதியாகமத்தின் தொடக்கத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். ஒரு விளக்கவுரை மட்டும் 12 புத்தகங்கள், அதை முடிக்க அவருக்குச் சுமார் 15 ஆண்டுகள் ஆயின. கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நம் புத்திக்கு எட்டும்படி சொல்லப்பட்ட ஒழுங்கு என்பது அதில் அவர் வந்து சேர்ந்த கருத்து. அதே நூலில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. வானத்தையும் பூமியையும் பற்றி நன்கு அறிந்த அவிசுவாசி ஒருவன், கிறிஸ்தவன் வேதத்தின் பேரைச் சொல்லி அந்த விஷயங்களில் உளறுவதைக் கேட்டால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவான் என்று கேட்கிறார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. இன்றைக்கு நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் "டைனோசர் எலும்பெல்லாம் பொய்" வகைச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிகள்தான் ஞாபகம் வரும்.

அப்படியானால் ஆதிச்சபை முழுவதும் இப்படித்தான் வாசித்ததா?

அப்படிச் சொன்னால் அது நேர்மையில்லை. நான்காம் நூற்றாண்டில் செசரியா நகர ஆயர் பேசில், ஞானார்த்தம் என்று எல்லாவற்றையும் வளைப்பவர்களைக் கண்டித்து, புல் என்று வாசித்தால் புல் என்றே புரிந்துகொள்கிறேன் என்று பிரசங்கித்தார். எழுத்தின் நேர்ப்பொருளை வலியுறுத்திய அந்தியோகியா மரபைச் சேர்ந்தவர்களும் இதே பக்கம்தான். மார்ட்டின் லூத்தர் ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்றார். அகுஸ்தீனே ஆதாம் ஒரு உண்மையான மனிதர் என்று நம்பினார், உலகத்துக்கு 6000 வயதுகூட ஆகவில்லை என்றும் நினைத்தார்.

ஆக, இரண்டு வாசிப்புகளும் சபைக்குள்ளேயே இருந்தன, இரண்டு பக்கமும் பரிசுத்தவான்கள் இருந்தார்கள். நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் எடுத்துப் பாருங்கள். வானத்தையும் பூமியையும் படைத்தவர் கடவுள் என்று இரண்டும் அறிக்கையிடுகின்றன. எத்தனை நாளில் என்று இரண்டிலும் இல்லை, ஆதாமின் பெயரும் இல்லை.

இன்று "வேதத்தை நம்புகிறவன் என்றால் பூமிக்கு 6000 வயது என்று நம்பியே ஆகவேண்டும்" என்கிற வடிவம் அவ்வளவு பழையதும் அல்ல. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஒரு ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. பரிணாமத்துக்கு எதிராக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் சாட்சிக் கூண்டில் ஏறினார். படைப்பின் நாட்கள் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 6000 ஆண்டுக் கணக்கைப் புராட்டஸ்டண்ட் சபைகளில் பரவலாக மறுபடியும் வேரூன்றச் செய்தது, 1961இல் விட்கோம், மோரிஸ் என்ற இரு அமெரிக்கர்கள் ஜலப்பிரளயத்தைப் பற்றி எழுதிய நூல்.

வெளியாட்கள் சொன்னது இருக்கட்டும். வசனத்திலேயே இதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். விஞ்ஞானத்தை ஓரமாக வைத்துவிட்டு, பொறுமையாக இரண்டு அதிகாரங்களை மட்டும் வாசியுங்கள்.

முதல் நாளில் வெளிச்சம், நாலாம் நாளில் சுடர்கள். இரண்டாம் நாளில் ஆகாயமும் தண்ணீரும் பிரிகின்றன, ஐந்தாம் நாளில் பறவைகளும் மீன்களும். மூன்றாம் நாளில் நிலம், ஆறாம் நாளில் நிலத்தில் நடமாடும் மிருகங்களும் மனிதனும். முதல் மூன்று நாட்களில் இடங்கள் அமைகின்றன, அடுத்த மூன்று நாட்களில் அதே வரிசையில் அவற்றில் வாழ்வோர் வருகிறார்கள். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற பல்லவி ஆறு நாளும் வருகிறது, ஏழாம் நாளில் மட்டும் வருவதில்லை. நடந்ததை நடந்தபடி குறித்துவைத்த நாட்குறிப்பு இப்படி இருக்காது. இது ஆராதனையில் பாடத் தகுந்த கட்டுக்கோப்பு.

அப்புறம் இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். முதல் அதிகாரத்தில் மரம் செடிகள், மிருகங்கள், கடைசியில் ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாம் அதிகாரத்திலோ நிலத்தில் செடி முளைப்பதற்கு முன்பே மனிதன் மண்ணிலிருந்து உருவாகிறான், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், கடைசியில் ஸ்திரீ. வரிசை பொருந்தவில்லை. இவற்றை அருகருகே வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் இரண்டையும் வைத்தார்கள். காலவரிசையைச் சொல்வது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால், ஒன்றைத் திருத்தியிருப்பார்கள்.

நாலாம் அதிகாரத்தில், தன்னைக் கண்டுபிடிக்கிறவன் கொன்றுபோடுவானே என்று காயீன் பயப்படுகிறான். பிறகு அவனுக்கு மனைவி இருக்கிறாள், ஒரு பட்டணத்தையும் கட்டுகிறான். யார் அந்த மற்றவர்கள்? கதை சொல்கிறவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

ஓய்வுநாள் கட்டளையையும் பாருங்கள். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், கர்த்தர் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்ததால் நீயும் ஓய்ந்திரு என்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதே கட்டளைக்கு வேறு காரணம்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை மீட்டார், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும். ஆறு நாள் என்பது காலக்கணக்கைச் சொல்வதற்காக அல்ல, மனிதரின் உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஒரு வடிவம் கொடுப்பதற்காகவே சொல்லப்பட்டது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதையை முதலில் கேட்டவர்கள் இதில் எதைக் கேட்டிருப்பார்கள்?

அவர்களைச் சுற்றிலும் வேறு படைப்புக் கதைகள் இருந்தன. பாபிலோனின் எனுமா எலிஷ் அவற்றில் புகழ்பெற்றது. நினிவேயின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளிலிருந்து ஜார்ஜ் ஸ்மித் அதை 1876இல் வெளியிட்டார். அதில் மர்துக் என்ற தேவன் தியாமத் என்ற கடல்தேவியோடு போரிட்டு, அவளைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியால் வானத்தை அமைக்கிறான். தோற்ற ஒரு தேவனின் இரத்தத்திலிருந்து மனிதர்களை உண்டாக்குகிறார்கள். எதற்கு? தேவர்களின் வேலைச் சுமையைச் சுமப்பதற்கு.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் யூதர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த காலத்தை ஒட்டி இறுதி வடிவம் பெற்றது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நாடும் ஆலயமும் பறிபோன ஒரு கூட்டம், வென்றவர்களின் நகரத்தில், வென்றவர்களின் தேவர்களைப் போற்றும் கதைகளுக்கு நடுவே வாழ்கிறது. அங்கே இவர்கள் சொல்லும் கதையில் போரே இல்லை. "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற ஒரு வார்த்தை போதுமானதாயிருக்கிறது. பாபிலோனியர் கும்பிட்ட சூரியனும் சந்திரனும் இங்கே பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவுதான். பெயர்கூடக் கொடுக்கப்படவில்லை. தேவசாயல் என்பது ராஜாக்களுக்கு உரியதாக எண்ணப்பட்ட உலகத்தில், ஆணும் பெண்ணுமாக எல்லா மனிதரும் தேவசாயலாகப் படைக்கப்பட்டார்கள் என்று இவர்கள் சொன்னார்கள். அடிமைக்கும் அந்தச் சாயல் உண்டு. அந்த அதிகாரம் உரக்கச் சொல்வது இதைத்தான். பூமியின் வயது என்ன என்ற கேள்வியை அதனிடம் கொண்டுபோனால் இது காதில் விழாமலே போய்விடும்.

ஆதாம் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா?

இதில் ஒரே பதில் இல்லை. உலகத்தின் வயது பெரிது என்று ஏற்றுக்கொள்பவர்களிலேயே சிலர், அக்கால மனிதர்களில் கடவுள் தெரிந்தெடுத்த ஒரு ஜோடியே ஆதாமும் ஏவாளும் என்கிறார்கள். மனிதகுலம் முழுவதையும் ஒரே முகத்தில் காட்டும் பெயர்தான் ஆதாம் என்கிறார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது பக்கம். இன்றைய மனிதர்களின் மரபணு வேறுபாடுகளை வைத்துப் பார்த்தால், நம் முன்னோர் எக்காலத்திலும் இரண்டே பேராகக் குறைந்ததாகத் தெரியவில்லை, சில ஆயிரம் பேராவது இருந்தார்கள் என்பதே பெரும்பாலான கணிப்பு. ஆனால் லூக்கா சுவிசேஷத்தின் வம்சவரலாறு ஆதாம் வரை போகிறது, பவுலும் ஆதாமை ஒரு மனிதனாகவே பேசுகிறார். இந்த எடையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆதாம் அடையாளம் என்றால் ஜென்ம பாவம் என்ன ஆகும்? சிலுவை எதற்கு?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இது. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்துகிறார்: ஒருவனால் பாவமும் மரணமும், ஒருவரால் கிருபையும் ஜீவனும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கமும் சாயாதா என்பதுதான் பயம்.

பவுல் அந்தச் சிந்தனைக்கு எப்படி வந்தார் என்று பாருங்கள். ஆதாமை ஆராய்ந்து கிறிஸ்துவிடம் வந்தவர் அல்ல அவர். தமஸ்குவுக்குப் போகும் வழியில் உயிர்த்தெழுந்த கிறிஸ்து அவரைச் சந்தித்தார். அந்த வெளிச்சத்தில் திரும்பி ஆதாமைப் பார்த்தார். மீட்பு இவ்வளவு பெரிதென்றால் நாம் விழுந்திருந்த பள்ளமும் அவ்வளவு ஆழம் என்று கண்டுகொண்டார். அதே வசனத்தில் "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" மரணம் எல்லாருக்கும் வந்தது என்றும் எழுதுகிறார். நான் பாவி என்பதற்கு ஆதாமின் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை, என் வாழ்க்கையே போதும்.

மூன்றாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பாம்பு பொய்யைச் சந்தேகமாகச் சொல்கிறது. பழம் பார்வைக்கு இன்பமாயிருக்கிறது. சாப்பிட்டதும் வெட்கம், ஒளிந்துகொள்ளல். கர்த்தர், "நீ எங்கே இருக்கிறாய்" என்று கேட்கிறார். கேள்வி கேட்கப்பட்டவுடன் ஆதாம் என்ன செய்கிறான்? "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" கொடுத்தாள் என்கிறான். ஒரே வாக்கியத்தில் மனைவியையும் காட்டிக்கொடுத்து, "தேவரீர் தந்த" என்று கடவுள்மீதும் பழியைப் போட்டுவிடுகிறான். அவள் பாம்பைக் கைகாட்டுகிறாள். அடுத்த அதிகாரத்திலேயே அண்ணன் தம்பியைக் கொல்கிறான். பாவம் என்றால் என்ன, அது எப்படி உறவுக்கு உறவு தொற்றிக்கொண்டு போகிறது என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லமுடியாது. நாம் எல்லாரும் இந்த நிலைக்குள்தான் பிறக்கிறோம், சொந்த பலத்தால் இதிலிருந்து வெளியே வரமுடியாது. ஜென்ம பாவம் என்ற போதனையின் சாரமாக நான் பற்றிக்கொள்வது இதை. ஆதாமின் குற்றமே பிள்ளைகள்மேல் சுமத்தப்படுகிறது என்ற கருத்தைக் கிழக்குத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகள் என்றுமே ஏற்றதில்லை, சிலுவையை அவர்கள் குறைவாக மதித்ததும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் ஆயர் இரனேயு, ஆதாமையும் ஏவாளையும் இன்னும் வளராத பிள்ளைகளாகவே பார்த்தார்.

மரணம் பாவத்தால்தான் வந்தது என்றால், மனிதனுக்கு முன்பே கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிரினங்கள் செத்தது எப்படி?

"நீ அதைப் புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று கர்த்தர் சொன்னார். ஆதாம் புசித்தான். அன்று செத்தானா? 930 வருஷம் வாழ்ந்தான் என்கிறது ஐந்தாம் அதிகாரம். எழுத்தின்படியே வாசிக்கிறவர்களும் இங்கே, "அது ஆவிக்குரிய மரணம்" என்று ஞானார்த்தத்துக்குத்தான் வருகிறார்கள். மிருகங்களின் மரணமோ பாவத்தின் கூலி என்று எங்கும் எழுதியில்லை. சங்கீதம் 104இல் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் ஆகாரம் தேடுகின்றன. சங்கீதக்காரன் அதைத் துதியாகப் பாடுகிறான். ஆனாலும் இத்தனை கோடி ஆண்டுகளின் வேதனை ஏன் என்பது என்னை உறுத்தும் கேள்விதான். இதற்கு எளிதான பதில் யாரிடமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இயேசுவே ஆதாம் ஏவாளைக் குறிப்பிட்டாரே?

விவாகரத்தைப் பற்றிக் கேட்டபோது, ஆதியில் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதை எடுத்துச் சொன்னார். அங்கே அவர் போதித்தது திருமணத்தின் உறுதி. நாம் "கெட்ட குமாரனைப் போல" என்று சொல்லும்போது அவனுக்கு முகவரி இருந்தது என்று சாதிப்பதில்லை அல்லவா?

இன்று ஆதியாகமத்தை அடையாளம் என்பவர்கள், நாளைக்கு உயிர்த்தெழுதலையும் அடையாளம் என்று சொல்லமாட்டார்களா?

சிலர் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் சொன்னது தவறு. ஒரு பகுதி எந்த வகை எழுத்து என்பதை நம் விருப்பம் தீர்மானிக்கக்கூடாது, அந்தப் பகுதிதான் தீர்மானிக்க வேண்டும். பேசும் பாம்பும், ஜீவவிருட்சமும், தோட்டத்தில் உலாவும் கடவுளும் உள்ள கதை ஒரு வகை. உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று, நிகழ்ச்சி நடந்து ஒரு தலைமுறைக்குள் பவுல் எழுதும் கடிதம் முற்றிலும் வேறு வகை. வேண்டுமானால் போய் விசாரித்துக்கொள் என்ற தொனி அது. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால்... உங்கள் விசுவாசமும் விருதா" என்று அவரே எல்லையைப் போட்டுவிட்டார். அந்த எல்லையில் நான் ஒரு அங்குலமும் நகரமாட்டேன்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஞானார்த்தம் சொல்லலாமா?

கூடாது. இதில் பெரியவர்களே எல்லை மீறியிருக்கிறார்கள். நல்ல சமாரியன் உவமையில் சத்திரம் என்றால் சபை, சத்திரக்காரன் என்றால் பவுல் என்று அகுஸ்தீன் விளக்கினார். அழகாக இருக்கிறது, ஆனால் இயேசு சொன்ன கதையில் அது இல்லை. பிற்பாடு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினா, ஞானார்த்தங்கள் எல்லாம் எழுத்தின் பொருள்மேல்தான் நிற்கவேண்டும் என்று அழுத்திச் சொன்னார். எழுத்தாளர் உருவகமாகப் பேசினால், அந்த உருவகம் சுட்டுவதே அவருடைய எழுத்தின் நேர்ப்பொருள் என்றும் சொன்னார். ஏதேனின் நாலு ஆறுகளுக்கும் ஒவ்வொரு புண்ணியத்தின் பெயர் வைக்கவேண்டியதில்லை. கதை மொத்தமாக எங்கே கைகாட்டுகிறதோ அங்கே பார்த்தால் போதும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை என்ன?

1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தம் சுற்றுமடலில், மனித உடல் பரிணாமத்தால் வந்ததா என்பதை அறிஞர்கள் ஆராயலாம், ஆன்மாவையோ கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றார். மனிதகுலம் பல ஆதிப் பெற்றோரிடமிருந்து வந்தது என்ற கருத்தை ஏற்க அனுமதிக்கவில்லை. 1996இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்றார். 1992இல் வந்த மறைக்கல்வி நூல், ஆறு நாள் படைப்பு அடையாள முறையில் சொல்லப்பட்டது என்கிறது. வீழ்ச்சியின் வரலாறு உருவக மொழியில் இருந்தாலும், மனித வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்கிறது என்றும் வலியுறுத்துகிறது.

எங்கள் போதகர் ஆறு நாள் என்றுதான் பிரசங்கிக்கிறார். நான் சபையை விட்டு விலக வேண்டுமா?

வேண்டாம். பேசிலும் ஓரிஜனைப் படித்து மதித்தவர்தான், ஒத்துப்போகாத இடத்தில் ஒத்துப்போகவில்லை. போதகரிடம் தனியாகப் போய், மரியாதையோடு, வசனத்தைத் திறந்துவைத்துக் கேளுங்கள். ஆராதனை நடுவில் வாக்குவாதம் வேண்டாம். "இப்படி நம்பாவிட்டால் நீ கிறிஸ்தவனே இல்லை" என்று யாராவது சொன்னால் மட்டும், விசுவாசப் பிரமாணத்தில் அது எங்கே இருக்கிறது என்று அமைதியாகக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கதையை உள்ளபடியே சொல்லுங்கள். தோட்டம், மரம், பாம்பு, "நீ எங்கே இருக்கிறாய்" என்ற குரல் எல்லாம் அப்படியே வரட்டும். சிறு பிள்ளைக்கு விளக்கவுரை வேண்டாம். எட்டு, ஒன்பது வயதில் "டைனோசர் எந்த நாளில் வந்தது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அப்போது அதட்டாதீர்கள், ஐந்தாம் நாளா ஆறாம் நாளா என்று கணக்கும் போடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் தம் ஆதியாகம உரையில் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறார். மோசே பாமர மக்களுக்குப் புரியும்படி கண்ணுக்குத் தெரிவதை எழுதினார், வானசாஸ்திரம் படிக்க விரும்புகிறவர் வேறு இடத்துக்குப் போகட்டும் என்கிறார். பிள்ளையைப் பக்கத்து நூலகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கூட்டிப்போய் டைனோசரைப் பற்றி வாசிக்கவிடுங்கள். அன்று ராத்திரி ஜெபத்தில், அந்த மிருகங்களை உண்டாக்கினதற்காகவும் சேர்த்து நன்றி சொல்லச் சொல்லுங்கள்.